குணமாகாத நோய்க்குச் சத்திரசிகிச்சை எதற்கு?

"இனிச் சுகம் வராது எண்டு சொல்லிட்டினம், பிறகு என்னத்துக்கு வெட்டுவான்?" புற்றுநோய் முற்றிய ஒருவருக்குச் சத்திரசிகிச்சை செய்யலாம் என்று வைத்தியர் சொல்லும்போது திருகோணமலையில் பல குடும்பங்கள் கேட்கும் முதற் கேள்வி இதுதான். இதற்கு நேர்மாறான குரலும் அதே விடுதியில், சில வேளைகளில் அதே குடும்பத்துக்குள்ளேயே எழும்: "எப்படியாவது திறந்து எடுத்துவிடுங்கோ, காசைப் பற்றி யோசிக்க வேண்டாம்." இரண்டு குரல்களும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையிலிருந்துதான் பிறக்கின்றன. சத்திரசிகிச்சை என்பது நோயை அறுத்தெடுத்துக் குணமாக்குவதற்கு மட்டுமே உரியது என்பதே அந்த நம்பிக்கை. கிழக்கு மாகாண அரச வைத்தியசாலைகளின் சத்திரசிகிச்சை விடுதிகளில் நெடுங்காலம் தாதிய உத்தியோகத்தராக வேலைசெய்த நான், ஓய்வுபெற்ற பின்னர் என் அக்காவின் கணவருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தபோது உப்புவெளியில் அவரோடு இருந்து பார்த்துக்கொண்டேன். விடுதியில் கண்டவற்றையும் வீட்டில் கண்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். குணமாகாத நோயில் சத்திரசிகிச்சை பற்றிப் பேச்சு வந்தால், "நோய் போகுமா?" என்பதைவிட "எந்தத் தொல்லை போகும், அதற்காக எத்தனை நல்ல நாட்களைக் கொடுக்கவேண்டி வரும்?" என்று கேட்கும் குடும்பங்களே அலைச்சல் குறைந்த முடிவுக்கு வருவதை நான் கண்டிருக்கிறேன்.

தொல்லையைத் தணிப்பதற்காகச் செய்யும் சத்திரசிகிச்சை புதிய விடயமன்று. வியன்னாவில் சத்திரசிகிச்சை நிபுணர் பில்ரோத் இரைப்பைப் புற்றுநோயை வெட்டியெடுத்துப் பெயர்பெற்ற 1881 ஆம் ஆண்டிலேயே, அவருடைய உதவியாளர் அன்டன் வோல்ஃப்ளர், வெட்டியெடுக்க முடியாத கட்டியை அப்படியே விட்டுவிட்டு, உணவு இறங்குவதற்காக இரைப்பையைச் சிறுகுடலோடு நேரடியாக இணைத்தார். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. ஆனால் உணவுக்கு வழி கிடைத்தது. இன்று நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்றவுடன் மோர்பினையும் ஆறுதல் வார்த்தைகளையும் மட்டுமே நினைக்கிறோம். எனினும் 1975 இல் கனடாவின் மொன்றியலில், றோயல் விக்டோரியா வைத்தியசாலையில் அதற்கென ஒரு பிரிவைத் தொடங்கிய பல்ஃபோர் மௌன்ட் சிறுநீரகத் துறையைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர். கத்தியும் தணிப்பும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் நம்மிடையே எங்கிருந்து வந்ததென்று எனக்கு விளங்குவதில்லை.

அத்தான் சீனக்குடாவில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். பேச்சுக் குறைவு, சாப்பாட்டில் மட்டும் கண்டிப்பு. வயிறு ஊதி, மலமும் காற்றும் வெளியேறாமல், பச்சையாகச் சத்தி எடுக்கத் தொடங்கியபோதே வைத்தியசாலைக்குப் போனோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் பெருங்குடலின் கடைசிப் பகுதியில் கட்டி குடலை அடைத்திருந்தது. ஈரலில் பல இடங்களில் நோய் பரவியிருந்தது. சத்திரசிகிச்சை நிபுணர் கட்டியை எடுக்கப் போவதில்லை என்றும், அடைப்புக்கு மேலேயுள்ள குடலை வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்து மலம் பையில் விழும்படி வழி செய்யலாம் என்றும் கூறினார். கட்டிக்குள் உலோக வலைக்குழாய் வைத்து அடைப்பைத் திறக்கும் முறையும் உண்டு. அது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. அத்தான் இருந்த நிலையில் அவரை நெடுந்தூரம் அனுப்பவும் முடியாது.

மருமகள், அதாவது அக்காவின் மகள், வைத்தியரைத் தாழ்வாரத்துக்கு அழைத்துச் சென்று, "அப்பாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ டொக்டர், தாங்கமாட்டார்" என்றாள். இந்த வேண்டுகோளை வைக்காத குடும்பம் நம் ஊரில் அரிது. அன்பினால் வரும் வேண்டுகோள் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். வயிற்று நோவுக்குச் சின்ன ஒப்பரேஷன் என்று மட்டும் சொல்லப்பட்ட ஒருவர், மயக்கம் தெளிந்து கையை வயிற்றில் வைக்கும்போது அங்கே ஒரு பையைக் கண்டால் அவருடைய நிலை என்னவாகும்? அப்படி விழித்தவர்களை நான் விடுதியில் பார்த்திருக்கிறேன். அவர்களிற் சிலர் நோயைவிடத் தம் பிள்ளைகளின்மீதே அதிகம் மனம் கசந்தார்கள். அத்தானின் வைத்தியர் பக்குவமானவர். "எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லப் போவதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்று அவரையே கேட்போம்" என்றார். அவர் சிங்களத்தில் பேச, நான் தமிழில் சொன்னேன். "உங்களுக்கு இப்ப பெரிய கரைச்சல் எது? எங்களால் முடிந்தால் எதை முதலில் நிற்பாட்ட வேண்டும்?" என்பதே அவர் கேட்ட கேள்வி. அத்தான் சற்று நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "இந்தச் சத்தி நிக்கோணும். ஒரு பிடி சோறும் மீன் சொதியும் சாப்பிடோணும். ஆடி அமாவாசைக்குக் கடற்கரைக்குப் போய் அப்பாவுக்குச் செய்யிற கடனைச் செய்யோணும்." பிறகு, யாரும் கேட்காமலேயே, "இது மாறுற வருத்தமில்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றார். மருமகள் மறைக்க நினைத்ததை அவர் முன்னரே அறிந்திருந்தார். நான் கண்டவரையில் பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த உரையாடல் முடிவை எளிதாக்கியது. அவர் கேட்ட மூன்று விடயங்களையும் அந்தச் சிறிய சத்திரசிகிச்சை தரக்கூடும். கட்டியை முழுவதும் எடுக்க முயலும் பெரிய சத்திரசிகிச்சையோ பல வாரங்களைப் படுக்கையில் தின்றுவிடும், அதன் பின்னும் ஈரலில் உள்ள நோய் அங்கேயே இருக்கும்.

பை வைப்பது பற்றி யாரும் விளக்கமாக எழுதுவதில்லை என்பதால் இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். சத்திரசிகிச்சைக்கு முன்னர், நோயாளர் நிற்கும்போதும் இருக்கும்போதும் வயிற்றைப் பார்த்து, எந்த இடத்தில் துவாரம் வரவேண்டும் என்று பேனையால் அடையாளமிட வேண்டும். படுத்திருக்கும்போது தட்டையாகத் தெரியும் வயிறு, எழுந்திருந்தவுடன் மடிந்துவிடும்; மடிப்புக்குள் துவாரம் அகப்பட்டால் பை ஒட்டாது. நம் ஆண்கள் சாரம் உடுப்பவர்கள். சாரத்தின் முடிச்சு விழும் கோட்டில் துவாரம் இருந்தால் ஒவ்வொரு நாளும் அது உரசி அழுந்தும். ஆகவே அத்தானைச் சாரம் கட்டச் சொல்லி, நாற்காலியில் இருத்தி, முடிச்சுக்கு விலகிய இடத்தில் அடையாளமிடும்படி கேட்டுக்கொண்டேன். அவசர வேளையில் இது விடுபட்டுப்போவதுண்டு. குடும்பத்தவர் நினைவூட்டினால் எந்த வைத்தியரும் கோபிக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்த பின்னர் பார்க்க வேண்டியது நிறம். குடல்வாய், அதாவது துவாரத்தில் வெளியே தெரியும் குடலின் முனை, சிவப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ ஈரமாக இருப்பது நல்லது. துடைக்கும்போது சற்று இரத்தம் கசிவது இயல்பானது. அது கருமையாக மாறினால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முதல் ஆறு முதல் எட்டு வாரங்களில் குடல்வாய் சுருங்கிச் சிறிதாகும் என்பதால் தோலில் ஒட்டும் பையின் தட்டில் வெட்டும் ஓட்டையையும் அளந்து அளந்து குறைத்துக்கொண்டு வர வேண்டும். குடல்வாயைவிட இரண்டு மூன்று மில்லிமீற்றர் அகலம் போதும். பெரிதாக வெட்டிவிட்டால் மலம் தோலிற் பட்டுப் புண்ணாகும். திருகோணமலை வெயிலிலும் வியர்வையிலும் பசை சீக்கிரம் கழன்றுவிடுகிறது. தோலை வெறும் தண்ணீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, எண்ணெயோ பவுடரோ பூசாமல், தட்டைக் கையின் சூட்டில் சற்று நேரம் பிடித்து இளக்கி ஒட்டினால் கூடுதல் நாட்கள் நிற்கும். பைகள் கிளினிக்கில் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். தட்டுப்பாடு வரும் காலங்களில் வெளிப் பாமசியில் வாங்க வேண்டிவரும், அது சிறிய செலவன்று. தங்கியிருக்கும் நாட்களிலேயே பை மாற்றுவதை வீட்டில் இருவராவது பழகிக்கொள்வது நல்லது. அக்கா முதலில் அருவருத்தார். பிறகு என்னைவிட நேர்த்தியாகச் செய்தார்.

அத்தானின் சத்தி நின்றது. மீன் சொதியும் சாப்பிட்டார். ஆடி அமாவாசையன்று மருமகன் ஓட்டோவில் ஏற்றிச் சென்று, கடற்கரையில் நாற்காலி போட்டு இருத்தி, செய்ய வேண்டியதைச் செய்வித்தார். பையோடு நீராடலாமா, துடக்கு ஏதும் உண்டா என்று உறவினர் ஒருவர் கேட்க, குருக்கள் "நோயாளிக்கு என்ன துடக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

இவ்விடத்தில் "கத்தி பட்டால் பரவும்" என்ற பேச்சைத் தொட்டுச் செல்ல வேண்டும். விடுதியில் இதைக் கேட்காத வாரமே இருந்ததில்லை. வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு, எடுக்க முடியாதபடி பரவியிருப்பதைக் கண்டு மூடிவிடும்போது, அதற்குப் பிந்திய சரிவைக் குடும்பம் கத்தியின்மேல் ஏற்றிவிடுகிறது. காற்றோ கத்தியோ பட்டதால் அந்த நோய் பரவவில்லை. முன்னரே பரவியிருந்தது, திறந்தபோது தெரியவந்தது, அவ்வளவுதான். ஆனால் இந்த அச்சத்துக்குள் ஓர் உண்மையும் மறைந்திருக்கிறது. ஏற்கனவே மெலிந்து, படுக்கையைவிட்டு எழ முடியாதவருக்குச் செய்யும் பெரிய சத்திரசிகிச்சை, அவருக்கு எஞ்சியிருக்கும் பலத்தையும் எடுத்துவிடக்கூடும். அந்தப் பகுதியை மக்கள் சரியாகவே கண்டுகொண்டிருக்கிறார்கள். காரணத்தைத்தான் வேறு இடத்தில் தேடுகிறார்கள்.

கத்தி மிகத் தெளிவாக உதவும் இடம் எலும்பு என்பது என் அபிப்பிராயம். கிண்ணியாவிலிருந்து ஒரு வாப்பாவைக் கொண்டுவந்திருந்தார்கள். கடற்றொழிலாளர், நுரையீரல் புற்றுநோய் தொடை எலும்புக்குப் பரவியிருந்தது. கால் ஊன்றும்போது நோவு தொடங்கியிருந்தது; எலும்பு இன்னும் முறியவில்லை. இத்தகைய எலும்பு முறியும் ஆபத்தை மதிப்பிட 1989 இல் மிரெல்ஸ் என்பவர் ஒரு புள்ளி முறையை வகுத்தார். நோய் இருக்கும் இடம், நோவின் தன்மை, எக்ஸ்ரேயில் அது தோன்றும் விதம், அதன் அளவு ஆகிய நான்குக்கும் ஒன்று முதல் மூன்று வரை புள்ளியிட்டு, மொத்தம் 12 இல் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் முறிவதற்கு முன்னரே உள்ளே கம்பி வைத்துத் தாங்குவது நல்லது என்று கொள்வார்கள். மகன் தயங்கினார். "வாப்பாவுக்கு இன்னும் கொஞ்சக் காலம்தான் எண்டு சொல்றீங்க, கம்பி எதுக்கு மிஸ்ஸி?" அவரிடம் எலும்பு முறிந்த பின் ஒருவரைப் படுக்கையில் திருப்பிப் போடுவது எப்படியிருக்கும் என்று சொன்னேன். ஒவ்வொரு முறை உடுப்பு மாற்றும்போதும், மலசலம் கழிக்கும்போதும், புண் வராமல் புரட்டும்போதும் மோர்பினையும் மீறி வரும் நோவு அது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச்செய்து கம்பி வைத்தார்கள். வாப்பா மரணிக்கும் காலம் வரைக்கும் நாற்காலியில் இருந்து தொழுதார் என்று மகன் பின்னர் சொன்னார். சுகப்படுத்தாத சிகிச்சை ஒன்று எதற்காகச் செய்யப்படுகிறது என்பதை அந்த மகனுக்கு இனி யாரும் விளக்க வேண்டியதில்லை.

எலும்பு நோவுக்குக் கதிர்வீச்சும் நன்றாக உதவும். நம் மாவட்டத்திலிருந்து அதற்காக மட்டக்களப்பு, அநுராதபுரம், கண்டி அல்லது மஹரகம என்று போக வேண்டியிருக்கிறது. சிக்கலில்லாத எலும்பு நோவுக்குப் பலரிடத்தில் 8 கிரே அளவில் ஒரே தடவை கொடுப்பதே போதுமானது என்பது நன்கு நிறுவப்பட்ட விடயம். "ஒரே தடவையில் கொடுக்க முடியுமா டொக்டர்?" என்று கேட்பதால், வாகரை வீதியில் நோயாளரைப் பல தடவைகள் குலுக்கிக்கொண்டு போவதைத் தவிர்க்கலாம்.

முள்ளந்தண்டில் நோய் பரவி நரம்பை நெரிக்கும் நிலை வேறு. அங்கே யோசிக்க அவகாசம் இல்லை. முற்றிய புற்றுநோயாளர் ஒருவருக்கு முதுகு நோவோடு கால்கள் பாரமாகினால், நடை தள்ளாடினால், சிறுநீர் கழிக்க முடியாமற்போனால் அடுத்த கிளினிக் நாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே, இரவாயினும், கொண்டுபோக வேண்டும். பச்செல் குழுவினர் 2005 இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில், தெரிவுசெய்யப்பட்ட இத்தகைய நோயாளரில் சத்திரசிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84 வீதமானோர் நடக்கக்கூடியவர்களாக இருந்தனர். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் அது 57 வீதம். கால் முற்றாகச் செயலிழந்த பின் போனால் இந்த வித்தியாசம் கைநழுவிவிடும்.

மார்பகப் புற்றுநோய் வெடித்துப் புண்ணாகி, நாற்றத்தால் பேரப்பிள்ளைகளைக்கூடக் கிட்ட விடாமல் பின்னறையில் ஒதுங்கியிருந்த தம்பலகாமத்து அம்மா ஒருவருக்கு, அந்த மார்பகத்தை அகற்றியது நோய்க்காகச் செய்ததன்று. அவர் மீண்டும் முன் விறாந்தைக்கு வருவதற்காகச் செய்தது. அகற்ற இயலாத புண்களுக்கு மெட்ரோனிடசோல் வில்லையைத் தூளாக்கிப் புண்ணில் தூவுவது நாற்றத்தை வெகுவாகக் குறைக்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன். தாதியிடம் கேட்டால் செய்முறை காட்டுவார்.

வாய், தொண்டைப் புற்றுநோய்களில்தான் முடிவு மிகக் கடினம். இலங்கையில் ஆண்களிடையே அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுண்ணாம்பு என்று நம் வீடுகளில் தட்டிலேயே வைத்துக் கொடுக்கும் நோய் அது. கட்டி மூச்சுக்குழலை அடைக்கும்போது கழுத்தில் துளையிட்டால் மூச்சு வரும், பேச்சுப் போய்விடும். திருக்கடலூரைச் சேர்ந்த ஒரு முதியவர் துளை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். மூச்சுத் திணறலுக்கு மோர்பினும் பதற்றத்தைத் தணிக்கும் மிடசோலமும் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டோம். கடைசி வாரத்தில் தன் மக்களோடு வாயால் பேசினார். அதே நிலையில் இருந்த இன்னொருவர் துளையை ஏற்று, கொப்பியில் எழுதிக் காட்டியே சில மாதங்கள் வாழ்ந்தார். இருவரில் யார் செய்தது சரி என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. இருவரிடமும் முன்கூட்டியே கேட்கப்பட்டது. மூச்சு முட்டும் நடு இரவில் மகனிடம் கையொப்பம் வாங்கி எடுத்த முடிவாக அது இருக்கவில்லை.

அத்தானுக்கு மீண்டும் வருகிறேன். சில மாதங்களின் பின் பையில் எதுவும் விழாமல், மறுபடியும் சத்தி தொடங்கியது. இம்முறை ஸ்கேனில் நோய் வயிற்றறை முழுவதும் பரவி, குடலைப் பல இடங்களில் இறுக்கியிருந்தது. வயிற்றில் நீரும் கோத்திருந்தது. அத்தான் பகலின் பெரும்பகுதியைக் கட்டிலிலேயே கழித்தார். முன்னர் சத்திரசிகிச்சையைச் செய்த அதே நிபுணர், இம்முறை செய்வதில்லை என்றார். குழாயில் ஓரிடத்தில் அடைப்பென்றால் வெட்டி வழிவிடலாம், குழாய் முழுவதும் பாசி பிடித்திருந்தால் எங்கே வெட்டுவது என்று அவர் கேட்டது அக்காவுக்குச் சட்டென விளங்கியது.

விளங்காதது கனடாவில் இருந்த மகனுக்கு. வைபரில் ஒவ்வொரு இரவும் அழைப்பான். "கொழும்புக்குக் கொண்டுபோங்கோ, பிரைவேட்டில காட்டுங்கோ, நான் காசு அனுப்புறன்." தூரத்தில் இருக்கும் பிள்ளைக்குக் கையில் இருப்பது காசு மட்டுமே, அதைக் கொடுத்துத் தன் கடமையைச் செய்ய நினைப்பதைக் குறைகூற முடியாது. அக்காவோ நகையை அடைவு வைக்கவும் ஆயத்தமாகிவிட்டார். இத்தகைய இழுபறியில் நான் கண்ட நல்ல வழி, வெளிநாட்டுப் பிள்ளையை வைத்தியரோடு நேரடியாகப் பேசவைப்பது. அக்கா சொல்லி, நான் சொல்லி, மருமகள் சொல்லிப் போய்ச்சேரும் செய்தி ஒவ்வொரு வாயிலும் உருமாறிவிடுகிறது. வைத்தியரிடம் நேரம் குறித்துக்கொண்டு, கிளினிக் முடிந்த பின் தொலைபேசியை மேசைமேல் வைத்தோம்.

அவர் கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் இரண்டு நெடுங்கோடுகள் வரைந்தார். ஒன்று சத்திரசிகிச்சைக்கு, மற்றது மருந்துக்கு. ஒவ்வொரு கோட்டின் உச்சியிலும் ஒரு நட்சத்திரம், அடியில் ஒரு பெட்டி, இடையில் ஒரு வட்டம். உச்சி, எல்லாம் நன்றாக நடந்தால் என்னாகும் என்பது. அடி, மிக மோசமாக நடந்தால் என்பது. வட்டம், பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணர் கிரெச்சன் ஸ்வார்ஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கிய உரையாடல் முறை இது. சத்திரசிகிச்சைக் கோட்டில் வட்டம் பெட்டிக்கு மிக அருகில் இருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசம், ஆறாத காயம், வீடு திரும்பாமலே போகும் வாய்ப்பு ஆகியவற்றை அவர் மறைக்காமல் விளக்கினார். மருந்துக் கோட்டின் நட்சத்திரமும் உயரத்தில் இல்லை; ஆனால் வட்டம் வீட்டுக்குள் இருந்தது. மருமகள் அந்தப் படத்தை மகனுக்கு அனுப்பினாள். முற்றிய புற்றுநோயில் வரும் குடல் அடைப்புக்குச் சத்திரசிகிச்சையையும் மருந்துச் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2023 இல் வெளியான ஓர் ஆய்விலும், முதல் 91 நாட்களில் நோயாளர் வைத்தியசாலைக்கு வெளியே உயிரோடு கழித்த நாட்களில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. மகன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்பா என்ன சொல்றார்?" என்று கேட்டான். அப்பா வீட்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

சத்திரசிகிச்சை இல்லை என்பது சிகிச்சை இல்லை என்பதன்று. குடலின் முறுக்கையும் சுரப்பையும் குறைக்க ஹையோசின் பியூட்டைல்புரோமைட், வீக்கத்துக்கு டெக்ஸாமெதசோன், குமட்டலுக்கு ஹாலோபெரிடோல், நோவுக்கு மோர்பின் ஆகியவற்றைத் தோலுக்குக் கீழே செருகிய சிறிய ஊசி வழியாகக் கொடுத்தோம். குடல் முற்றாக அடைபட்டு முறுக்கு நோவும் இருக்கும்போது, சத்திக்கென்று வழமையாகக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைட் நோவைக் கூட்டும். வெளிப் பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். மூக்குக் குழாயை இரண்டு நாட்கள் வைத்து வயிற்றை இறக்கிய பின், மருந்து பிடித்தவுடன் எடுத்துவிட்டார்கள். அத்தான் செவ்விளநீரை வாய் நனைய உறிஞ்சினார். சத்தி நாளொன்றுக்கு ஒரு தடவை என்ற அளவுக்குக் குறைந்தது. அது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. வயிற்று நீரை ஒரு தடவை ஊசியால் இறக்கினார்கள். அதுவும் ஒரு வகையில் சத்திரசிகிச்சைதான், சிறிய வேலை, பல நாள் ஆறுதல்.

மோர்பின் பற்றிய பயம் பெரிது. மோர்பின் கொடுத்தால் ஆளை முடித்துவிடுவார்கள் என்று அயலவர் ஒருவர் அக்காவின் காதில் ஓதிவிட்டுப் போனார். சரியான அளவில் தொடங்கி, நோவுக்கேற்பப் படிப்படியாகக் கூட்டிக் கொடுக்கப்படும் மோர்பின் உயிரைக் குறைப்பதில்லை. நோவை அடக்காமல் விடும்போது நித்திரையும் பேச்சும்தான் முதலில் போகின்றன.

குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வேறு சில விடயங்களும் உண்டு. மொழிபெயர்ப்புக்குப் பாடசாலைப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். தாத்தாவின் நோய் முற்றிவிட்டது என்ற செய்தியைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தன் வாயால் சொல்லவேண்டி வருவது கொடுமை. தமிழ் தெரிந்த தாதியையோ வைத்தியரையோ கேளுங்கள், சற்றுக் காத்திருந்தாலும் கிடைப்பார்கள். சம்மதப் படிவத்தில் கையொப்பமிடும் முன், என்ன செய்யப் போகிறார்கள் என்பதோடு எதற்காகச் செய்கிறார்கள் என்பதையும் ஒரு வசனத்தில் சொல்லும்படி கேளுங்கள். அந்த வசனத்தை வைத்தியரால் எளிதாகச் சொல்ல முடியவில்லையென்றால் இன்னொரு நாள் பொறுத்திருந்து யோசிப்பதில் தவறில்லை. சத்திரசிகிச்சை அறையில் இதயம் நின்றால் என்ன செய்வது, பின்னர் செயற்கைச் சுவாசத்தில் எவ்வளவு காலம் வைப்பது என்பதை மயக்க மருந்து வைத்தியரிடமும் முன்னரே பேச வேண்டும். இதைப் பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள், பேசாமல் விட்டவர்களின் அவஸ்தையைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று பார்க்க வேண்டும்.

வீட்டில் வைத்துப் பார்ப்பதென்று முடிவானால், அந்த முடிவை, வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது நோய் விபரம் எழுதித் தரும் டயக்னோசிஸ் கார்டில் எழுதித் தரும்படி கட்டாயம் கேளுங்கள். நோய் எந்த நிலையில் உள்ளது, மீண்டும் சத்திரசிகிச்சை செய்வதில்லை என்று யார் யார் பேசி முடிவெடுத்தார்கள், நோவுக்கும் சத்திக்கும் எந்த மருந்தை எந்த அளவில் கொடுப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். நடு இரவில் பயந்துபோய் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வந்து வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்விடும். அங்கே கடமையிலிருக்கும் இளம் வைத்தியருக்கு இந்த நோயாளரின் கதை தெரியாது, கையில் காகிதம் இல்லாவிட்டால் குழாயும் ஸ்கேனும் ஒப்பரேஷன் பேச்சும் முதலிலிருந்து தொடங்கும். திரும்பி வருவதற்கு வாகனம் நீங்கள்தான் பிடிக்க வேண்டும். அத்தானை ஓர் இரவு அப்படிக் கொண்டுபோக நேர்ந்தது. அக்கா கார்டை நீட்டினார். வைத்தியர் வாசித்துவிட்டு, மோர்பின் அளவைக் கூட்டி, விடியும் வரை வைத்துப் பார்த்துவிட்டு, காலையில் வீட்டுக்கு அனுப்பினார்.